ஆர்ச்சி பங்கருக்கும் நல்ல வசனம் வேண்டும்

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்குள் அரசியலைக் கொண்டுவந்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 1971 ஜனவரியில் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ தொடங்கியபோது அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனத்துக்கும் இதே பயம் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஓர் அறிவிப்பைப் போட்டுத்தான் ஒளிபரப்பினார்கள். கறுப்பினத்தவர், யூதர், பெண்கள் என யாரையும் விட்டுவைக்காமல் வாய்க்கு வந்ததைப் பேசும் ஆர்ச்சி பங்கர் ஒரு பக்கம். அவர் வீட்டிலேயே தங்கிக்கொண்டு, அவர் சம்பாத்தியத்திலேயே படித்துக்கொண்டு, அவரையே எதிர்த்து வாதாடும் இடதுசாரி மருமகன் மைக் மறுபக்கம். வியட்நாம் போரும் அதிபர் நிக்சனும் இனவெறியும் அந்த வீட்டு வரவேற்பறையில் தினசரிச் சண்டை. யாரும் எழுந்து போகவில்லை. தொடர்ந்து 5 சீசன்கள் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் அதுதான்.

தயாரிப்பாளர் நார்மன் லியர் எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மனிதர்கள் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரித்து, தங்களுக்குள் இருக்கும் ஆர்ச்சியையும் அடையாளம் காண வேண்டும் என்று நினைத்தவர் அவர். ஆனால் 1974இல் உளவியலாளர்கள் நீல் விட்மரும் மில்டன் ரோக்கீச்சும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாகுபாட்டு எண்ணம் மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியை மெச்சினார்கள், வாதத்தில் வெல்பவர் அவர்தான் என்று நம்பினார்கள் என்றது அது. அன்றிலிருந்து இன்றுவரை, ‘பார்த்தீர்களா, இப்படிப்பட்ட பாத்திரத்தை எழுதவே கூடாது’ என்பதற்கு இந்த ஆய்வைச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

நான் அதை அப்படிப் படிக்கவில்லை. ஆர்ச்சியை மெச்சியவர்களும் வாராவாரம் வந்து உட்கார்ந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். தங்களைக் கோமாளியாக்கி மட்டும் காட்டும் தொடருக்கு அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? லியர் ஆர்ச்சிக்கு நல்ல வசனங்களைக் கொடுத்தார். கடன், வயது, வேலை போய்விடுமோ என்கிற பயம் எல்லாவற்றையும் கொடுத்தார். அதைவிடத் துணிச்சலான காரியம், முற்போக்காளன் மைக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை.

1972இல் வந்த அத்தியாயம் ஒன்றில் ஆர்ச்சியின் மகள் குளோரியா ஒரு புதிர் போடுகிறாள். ஒரு தந்தையும் மகனும் காரில் போகும்போது விபத்து. தந்தை அங்கேயே இறந்துவிடுகிறார். மகனை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகிறார்கள். அறுவைச் சிகிச்சை நிபுணர் பையனைப் பார்த்துவிட்டு, “என்னால் செய்ய முடியாது, இவன் என் மகன்” என்கிறார். எப்படி? ஆர்ச்சி தடுமாறுவது எதிர்பார்த்ததுதான். பெண் சமத்துவம் பற்றி ஓயாமல் பேசும் மைக்கும் தடுமாறுகிறான். நிபுணர் பையனின் தாய் என்பது இருவர் மண்டையிலும் ஏறவில்லை. கடைசியில் விடையைச் சொல்பவர் ஆர்ச்சியின் மனைவி ஈடித், அந்த வீட்டில் யாரும் ஒரு பொருட்டாகவே மதிக்காத ஈடித். ஒரு பிரசங்கமும் இல்லாமல் இரண்டு கட்சிக்கும் ஒரே நேரத்தில் குட்டு விழுகிறது. பெண்ணுரிமை பற்றித் தொலைக்காட்சியில் நான் பார்த்தவற்றில் இதற்கு இணையாக எதையும் சொல்லத் தோன்றவில்லை.

பிரிட்டனில் ‘யெஸ் மினிஸ்டர்’ வேறு வழியில் போனது. அமைச்சர் ஜிம் ஹேக்கர் எந்தக் கட்சி என்பது கடைசிவரை சொல்லப்படவே இல்லை. எழுதிய இருவரில் ஆன்டனி ஜே வலப்பக்கம் சாய்ந்தவர், ஜொனாதன் லின் இடப்பக்கம் சாய்ந்தவர். அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு அந்தத் தொடர்மீது அவ்வளவு பிரியம். 1984இல் அதன் நடிகர்களோடு ஒரு குறுநாடகத்தில் தானே நடித்தார்.

அந்தத் தொடரின் ஓர் அத்தியாயத்தில் புத்தம்புது மருத்துவமனை ஒன்று வருகிறது. 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள், பளபளக்கும் அறுவை அரங்கு, ஒரே ஒரு நோயாளிகூட இல்லை. நாட்டின் மிகச் சிறப்பாக நடக்கும் மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று என்று முகத்தில் சலனமே இல்லாமல் சொல்கிறார்கள். சுகாதாரத்துக்கான பரிசுக்குக்கூட அதன் பெயர் போயிருக்கிறது!

என் அண்ணனுக்கும் எனக்கும் அரசியலில் ஏழாம் பொருத்தம். அந்தக் காட்சியைச் சேர்ந்து பார்த்தபோது இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். “அரசாங்கத்திடம் விட்டால் இப்படித்தான் ஆகும், பார்த்தாயா?” என்றார் அண்ணன். “டாக்டர்களையும் நர்சுகளையும் எடுக்க விடாமல் செலவைக் குறைத்தது யார் அண்ணா? அதையும் அதே காட்சியில்தானே சொல்கிறார்கள்?” என்றேன். அவர் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். ஆமாம், சொல்கிறார்கள். ஆனால் அத்தனை நிர்வாகிகளை அடுக்கிவைத்ததும் அங்கேதான் இருக்கிறது. அதை நானும் மறுக்க முடியவில்லை. அன்று இரவு நாங்கள் பேசிய அளவுக்குப் பொதுச் சுகாதாரம் பற்றி அதற்கு முன் நாகரிகமாகப் பேசிக்கொண்டதே இல்லை.

இப்படி இரு பொருள் படுவதில் ஆபத்து இல்லாமல் இல்லை. வலதுசாரி நெறியாளராக அமெரிக்க நகைச்சுவையாளர் ஸ்டீஃபன் கோல்பேர் நடித்துக் கிண்டல் செய்த நிகழ்ச்சியை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. இரு தரப்பினருக்கும் அது வேடிக்கையாகவே இருந்தது. ஆனால் கேலிக்குள்ளே அவர் தன் உண்மையான கருத்தைத்தான் சொல்கிறார் என்று எண்ணியவர்கள் பழமைவாதிகளிடையே அதிகம். ‘ஃபேமிலி டைஸ்’ தொடரில் பழைய ஹிப்பிப் பெற்றோரை மையமாக வைத்துத்தான் கதை தொடங்கியது. அன்றைய அமெரிக்க அதிபர் ரீகனைக் கொண்டாடும் மகன் அலெக்ஸாக மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் வந்ததும் தொடரே அவன் கைக்குப் போய்விட்டது. ரீகனே அதைத் தனக்குப் பிடித்த தொடர் என்றார்.

அதனால் என்ன? பாத்திரம் உயிரோடு இருந்தால் எழுதியவரின் பேச்சைக் கேட்காது. தம் கட்சிக்காரர்களைக் கைதட்ட வைப்பதற்காகவே எழுதப்படும் தொடர்களில் இந்தச் சங்கடம் வருவதில்லை. எதிராளி வாயைத் திறந்தாலே முட்டாள் என்று தெரிந்துவிடும். என் கருத்துகளோடு முழுக்க ஒத்துப்போகிற அப்படிச் சில தொடர்களை நான் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைக்க முடியாத தொடரை நான் மட்டும் பார்த்து என்ன செய்யப்போகிறேன்?