செகண்ட் சர்வும் பம்பரக் கயிறும்

வண்ணாரப்பேட்டையில் பிறந்தவனுக்கு டென்னிஸ் எதுக்குடா என்று என் மாமாவே கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் கேரம் உண்டு, பாக்ஸிங் உண்டு, வியாசர்பாடி பக்கம் போனால் விடிகாலையிலேயே ஃபுட்பால் உண்டு. டென்னிஸ் என்றால் அது நுங்கம்பாக்கத்துச் சமாச்சாரம். ஆனாலும் 41 வயதில், சுகர் பார்டரில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, பெரம்பூர் பக்கம் ஒரு கோர்ட்டில் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஃபோர்ஹேண்ட் இரண்டு மாதத்தில் ஒருவழியாக வந்தது. பேக்ஹேண்ட் அரைகுறை. மானத்தை வாங்கியது, ஒவ்வொரு பாயிண்டையும் தொடங்கிவைக்கும் சர்வ்தான்.

முதல் சர்வை ஓங்கி அடிப்பேன், நெட்டில் முட்டும். சரி, இன்னொன்று இருக்கிறதே என்று இரண்டாவதைப் பயந்து பயந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி தட்டுவேன். அதுவும் நெட். டபுள் ஃபால்ட், பாயிண்ட் எதிராளிக்கு. டபிள்ஸில் எனக்கு ஜோடியாக ஆடும் அங்கிள் ரிட்டயர் ஆனவர், நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். குனிந்து ஷூ லேஸைக் கட்டுவார். ஒரே கேமில் நாலு தடவை கட்டினார்.

அங்கே கோர்ட்டைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு ஆடவும் சொல்லித்தரும் மார்க்கர் அண்ணன்தான் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ பந்தை அடிக்கிற. அடிக்காத. தேய்.”

எனக்குப் புரியவில்லை. அவர் தரையில் சாக்கட்டியால் கோடு கிழித்துக் காட்டினார். சர்வ் போட நிற்கும் பேஸ்லைனில் இருந்து, பந்து தாண்டாமல் விழ வேண்டிய எதிர்ப்பக்க சர்வீஸ் லைன் 60 அடி, நடுவில் நெட் 3 அடி உயரம். நம்மைப் போன்ற சாதாரண உயரக்காரன் நேராக அடித்தால், நெட்டைத் தாண்டி உள்ளேயும் விழுவதற்கு இருக்கிற இடைவெளி கதவுச் சந்து மாதிரி. கொஞ்சம் தாழ்ந்தால் நெட், கொஞ்சம் எகிறினால் அவுட். அதனால் பந்து நெட்டுக்கு மேலே தாராளமாகப் போக வேண்டும், போனது மறுபடி கீழேயும் இறங்க வேண்டும். இறக்குவது சுழற்சி. டாப் ஸ்பின்னில் பந்தின் மேல்பக்கம் முன்னோக்கிச் சுழல்கிறது, எதிர்க்காற்று அங்கே தடைபட்டு மேலே அழுத்தம் கூடுகிறது, பந்து கீழே தள்ளப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் மேக்னஸ் விளைவு என்று எழுதி மார்க் வாங்கியவன்தான் நான், ஆனால் அதை என் மணிக்கட்டுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எனக்கு அது புரிந்தது பம்பரத்தை நினைத்த பிறகுதான். சந்தில் பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும், ஓங்கி எறிவதால் மட்டும் பம்பரம் சுற்றாது. கயிறு அதன் உடம்பை உரசிக்கொண்டு வேகமாக அவிழணும், கடைசியில் ஒரு வெட்டு வெட்டி இழுக்கணும். பயந்து மெதுவாக விட்டால் மட்டையாகி விழும், அப்புறம் நம் பம்பரத்தை வட்டத்துக்குள் வைத்து மற்றவன்கள் ஆணியால் குத்துவான்கள். என் செகண்ட் சர்வ் அப்படி மட்டையான பம்பரம். உள்ளே விழணுமே என்று கையின் வேகத்தைக் குறைத்தேன், வேகம் குறைந்ததும் சுழற்சி செத்தது, சுழற்சி இல்லாத பந்து எப்படி இறங்கும்? செகண்ட் சர்வில் முதல் சர்வின் அளவுக்காவது வேகமாகக் கையை வீசணும், ஆனால் அந்த வேகம் பந்தை முன்னால் தள்ளுவதில் போகாமல் அதைச் சுற்றிவிடுவதில் போகணும். கேட்க எளிது. இன்னொரு பாயிண்ட் விட்டால் கேமே போய்விடும் என்று 30-40ல் நிற்கும்போது வேகமாக வீசு என்றால் கை கேட்காது.

கிரிப்பை மாற்றியதுதான் பெரிய ரோதனை. அதுவரை தோசைக்கரண்டி மாதிரி பிடித்திருந்தேன், அந்தப் பிடியில் ராக்கெட் முகம் பந்தைத் தட்டையாகத்தான் சந்திக்கும். சுத்தியலைப் பிடிப்பது போலப் பிடிக்கணும், அதற்குப் பெயர் கான்டினென்டல். ராக்கெட்டின் விளிம்பு, ஏதோ பந்தை வெட்டப்போவது போல மேலே வரும். கடைசி நொடியில் முன்கை திரும்பும், ராக்கெட்டின் நரம்புகள் பந்தை வழித்துக்கொண்டு போகும். முதல் வாரம் பந்து விளிம்பில் பட்டு மதில் தாண்டியது. வெளியே இட்லிக் கடை. அந்த அக்கா பந்தைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, “இன்னாபா, இன்னிக்கும் நீதானா?” என்றார். ஒருநாள் சாம்பார் வாளிக்கு அரையடி தள்ளி விழுந்தது. அன்றைக்கு நாலு இட்லி சேர்த்து வாங்கினேன், வேறு வழியில்லை.

பிறகு டாஸ். பந்தை விரல்களால் உருட்டி எறிந்தேன், அது தன் இஷ்டத்துக்குப் போனது. டம்ளர் பிடிப்பது போலப் பிடித்து, முழங்கையை மடக்காமல் தூக்கி, நெற்றி உயரத்தில் சும்மா விட்டுவிட வேண்டும். பந்தைப் பக்கவாட்டில் சுழற்றும் ஸ்லைஸ் போட கொஞ்சம் வலப்பக்கம், டாப் ஸ்பின் ஏற்ற தலைக்கு நேர் மேலே. காலை ஆறு மணிக்குக் காற்றே இருக்காது, டாஸ் சொன்னபடி கேட்கும். சாயங்காலம் கடல்காற்று ஏறினால் காத்தாடி விடத்தான் லாயக்கு. டாஸ் சரியில்லை என்றால் வீசாமல் பிடித்துக்கொள்ளலாம், ரூல் அனுமதிக்கிறது. வீசி கோட்டைவிட்டால்தான் ஃபால்ட். நான் எட்டாவது படித்த 1998ல் இங்கே நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ் பட்டம் ஜெயித்த ஆஸ்திரேலியாக்காரர் பேட்ரிக் ராஃப்டர், விழுந்ததும் உயரத் துள்ளும் கிக் சர்வுக்குப் பேர்போனவர், அவரே டாஸ் தப்பினால் பிடித்துக்கொண்டு எதிராளியிடம் ‘சாரி மேட்’ என்பார். நானும் சொல்லிப் பார்த்தேன். அங்கிள் சிரித்துவிட்டார்.

கிக் சர்வ் கற்றுக்கொடுங்கள் என்று மார்க்கர் அண்ணனிடம் கேட்டேன். முதுகை வில்லாக வளைக்கிற வேலை இந்த வயதில் வேண்டாம் என்றுவிட்டார். பந்தின் பின்பக்கத்தைக் கீழிருந்து மேலாக, கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துத் தேய்த்தால் பாதி ஸ்லைஸ் பாதி டாப் ஸ்பின், அது போதும். மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கம் வர, சர்வீஸ் லைனில் மண்டிபோட்டு சர்வ் செய்யச் சொன்னார். அங்கிருந்து நெட் மலை மாதிரி தெரியும், மேலே வீசாவிட்டால் தாண்டவே தாண்டாது. முட்டிக்குப் பழைய துண்டு ஒன்று மடித்துப் போட்டுக்கொண்டேன். மூன்றாவது வாரம் ஒருநாள் சத்தம் மாறியது. வழக்கமான டொப் இல்லை, தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சர்க். பந்து நெட்டுக்கு மேலே மூன்றடி உயரத்தில் போய், யாரோ கயிறு கட்டி இழுத்ததைப் போல உள்ளே இறங்கியது. நரம்பில் மஞ்சள் நூல்தூசி ஒட்டியிருந்தது, விரலால் தடவிப் பார்த்தேன். அன்றைக்கு 50 பந்தில் 19 உள்ளே. இப்போது 35க்குக் குறைவதில்லை, காற்று இல்லாத காலைகளில்.

போன ஞாயிறு மறுபடி 30-40, செகண்ட் சர்வ். அங்கிள் லேஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கையைக் குறைக்காமல் வீசினேன். ஏறியது, இறங்கியது, கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது. அது எவ்வளவு அழகாக இறங்கியது என்று நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் அந்தப் பக்கத்துக்காரர் அடித்த ரிட்டர்ன் என் காலைத் தாண்டிப் போய்விட்டது.