கோவலனின் ஊழ்: தேர்வுத் தாளில் நான் தவறவிட்ட அடிகள்

முதுகலைத் தமிழில் 'கோவலன் வாழ்வில் ஊழ் பெறும் இடத்தை ஆராய்க' என்ற வினாவுக்கு, சிலப்பதிகாரப் பதிகத்தின் 'ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்' என்ற அடியை முதலில் எழுதி, கதையைச் சுருக்கி, எல்லாம் விதியே என்று முடித்தேன். அந்தத் தாளில் நான் தேறவில்லை. மீண்டும் எழுதுவதற்கு முன் படித்த முறையை, இதே பாடத்தைப் படிப்பவர்களுக்காகப் பதிகிறேன்.

ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் அமர்ந்து கோவலன் கொலையுண்ணும் பகுதியான கொலைக்களக் காதையை வாய்விட்டுப் படித்து, அவருக்குப் பொருள் சொல்லி வந்தேன். சிலம்பை விற்கப் புறப்பட்ட கோவலனை ஆயர்பாடித் தெருவில் ஏறு ஒன்று பாய வருமிடத்தில், அது தீய நிமித்தம் என்று தெரிந்தும் ஏன் போனான் என்று அப்பா கேட்டார். விடை அடுத்த அடியிலேயே இருந்தது: 'இமில்ஏறு எதிர்ந்தது இழுக்குஎன அறியான், தன்குலம் அறியும் தகுதிஅன்று ஆதலின்.' அது ஆயர் அறிந்த குறி, வணிகன் அறியாதது. வெளியூரார் நம் கடலின் நீரோட்டத்தை அறிவார்களா என்று சொல்லி, அப்பா உடனே புரிந்துகொண்டார். ஊழ் என்பதை இளங்கோ வானத்திலிருந்து இறக்கவில்லை, ஒரு மனிதனின் அறியாமைக்குள் வைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அதற்குச் சற்று முன்பே, கண்ணகி பரிமாறிய உணவை உண்டபின், கோவலன் தன் வாயாலேயே சொல்கிறான்: 'இருமுது குரவர் ஏவலும் பிழைத்தேன், சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்.' பெற்றோர் சொல்லை மீறினேன், இளமையிலேயே பேரறிவு கொண்ட உனக்குத் தீங்கு செய்தேன் என்பது பொருள். இதில் ஊழ் என்ற சொல்லே இல்லை. கண்ணகியும் 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்', அதாவது பிறர் மதிக்காத ஒழுக்கத்தை மேற்கொண்டீர் என்றே மறுமொழி கூறுகிறாள். என் முதல் விடையில் இந்த அடிகள் ஒன்றுகூட இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த வினாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கானல்வரியில் மாதவியின் பாடலைத் தவறாகக் கொண்டு அவன் பிரியும்போதும், பாண்டியன் 'வினைவிளை காலம் ஆதலின்', 'தேரான் ஆகி' (ஆராயாதவனாகி)க் கொலைக்கு ஆணையிடும்போதும் கவிஞர் வினையைச் சுட்டுகிறார். ஆனாலும் பிரிந்தவன் கோவலன், தேராதவன் பாண்டியன். முற்பிறப்பில் பரதனாக இருந்து சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்த கதையோ, கோவலன் இறந்தபின், 23ஆவதான கட்டுரை காதையில்தான் வருகிறது. அதுவரை படிப்பவர் அவனுடைய இப்பிறப்பை மட்டுமே கண்டு வருகிறார். அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையவன், தான் அறிந்தவரை அவன் இம்மையில் செய்தவை நல்வினைகளே என்று திகைப்பதையும் இதனோடு சேர்த்துப் படியுங்கள்.

காதைகளின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வது போதாது. ஒவ்வோர் அடியையும் யார், எவரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை நான் கோவலனின் சொற்களில் தொடங்கி, ஏற்றின் நிமித்தத்தை விரித்தெழுதி, பதிகத்தின் அடியைக் கடைசிப் பத்தியில்தான் எழுதினேன்.