மஞ்சப்பையின் அடியில் கிடந்த கேஸ் மாத்திரை

இதய ரத்தக் குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தபோது, ஓ.எம்.ஆரில் இருக்கும் எங்கள் அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. தொடர்ந்து மருந்து சாப்பிடும் ஊழியர்களுக்கு மரபணுப் பரிசோதனை, அப்புறம் மருந்தாளுநர் ஒருவர் மாத்திரைகளைச் சரிபார்ப்பார், எல்லாம் இலவசம். இலவசம் என்றதும் சந்தேகம்தான் வந்தது. ரிப்போர்ட் எச்.ஆர். கைக்குப் போகாது என்றார்கள். ஆனால் ஒப்புதல் படிவத்தில் 'தேவைப்பட்டால் நிறுவனத்துடன் பகிரப்படும்' என்று ஒரு வரி. அதை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எடுத்தார்கள், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் ரிப்போர்ட்.

"வீட்ல இருக்கிற எல்லா அட்டையும் கொண்டுவாங்க சார்" என்று அந்த மருந்தாளுநர் பெண் முன்பே சொல்லியிருந்தார். மஞ்சப்பையோடு போனேன். நான் சாப்பிடும் க்ளோபிடோக்ரெல் அப்படியே வேலை செய்யாதாம். கல்லீரலில் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் ரத்தம் கட்டுவதைத் தடுக்கும். அந்த நொதியை உண்டாக்கும் மரபணு இரண்டு பிரதி இருக்கும். எனக்கு அதில் ஒன்று வேலை செய்யாத வகை. நம்மவர்களிடம் இது அபூர்வமே இல்லையாம்.

பையின் அடியிலிருந்து ஒமிப்ரசோல் அட்டை வந்தது.

"இது யார் எழுதினது சார்?"

"யாரும் எழுதல. மெடிக்கல்ஸ்ல கேஸ் மாத்திரை கேட்டேன், குடுத்தாங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒமிப்ரசோல் அதே நொதியைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே மெதுவாக ஓடுவதற்கு, தினமும் காபிக்கு முன்னால் நானே பிரேக் போட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2009லேயே எச்சரித்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மரபணுச் சோதனையே வேண்டாம். இதய டாக்டரிடம் அந்த அட்டையைக் காட்டியிருந்தால் போதும். வெட்கமாக இருந்தது.

"க்ளோபிடோக்ரெல நீங்களா நிறுத்திடாதீங்க, ஸ்டென்ட் அடைச்சுக்கும்" என்று இரண்டு முறை சொன்னார். மருந்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. டாக்டருக்குக் கடிதம்தான் கொடுத்தார்.

டாக்டர் முதலில் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்தார். கடிதத்தைப் படித்த பிறகு திரும்ப எடுத்தார். இப்போது க்ளோபிடோக்ரெலுக்குப் பதிலாக டிகாக்ரெலார் 90 மி.கி., காலையும் இரவும். அதற்கு இந்த நொதியின் தயவு தேவையில்லை. கேஸுக்கு பான்டோபிரசோல். டிகாக்ரெலாரால் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கலாம் என்று எச்சரித்தார். முதல் வாரம் இருந்தது. இரவு வேளையை நான் மறந்துவிடுகிறேன் என்று மனைவி தன் போனில் எட்டு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறாள்.