பெட்ஸ் என்ற பன்றியும் என் யானையும்

6 நவம்பர் 2021, சனி

யானைக்குக் காது தைத்து முடித்தேன். அம்மாவின் சுங்குடிச் சேலையில் கிழியாமல் மிஞ்சியிருந்த முந்தானைத் துண்டு அது. நான் திட்டமிடவே இல்லை, சுங்குடிப் புள்ளிகள் நிஜ யானையின் காதுப் புள்ளிகள் மாதிரியே விழுந்திருக்கின்றன. பேரனுக்கான குவில்ட்டில், அதாவது துணித் துண்டுகளை ஒட்டித் தைக்கும் பஞ்சுப் போர்வையில், இது நான்காவது கட்டம். அணில், காகம், பசு முடிந்தாயிற்று. கிளியும் ஆமையும் பாக்கி.

பக்கத்தில் நடக்கும் ஓர் ஓவியக் கண்காட்சிக்கு இதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். பதில் வந்தது. அழகாக இருக்கிறதாம், ஆனால் கைவினைப் பொருட்களை எடுப்பதில்லையாம். வேண்டுமானால் டிசம்பர் சந்தையில் ஒரு மேசை தருவார்களாம். நாள் முழுக்க மனசு சரியில்லை.

13 நவம்பர், சனி

"வாம்மா, ஒன்று காட்டுகிறேன்" என்று மகள் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். ஹாரியட் பவர்ஸின் இரண்டு குவில்ட்டுகள். 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்ததில் இன்று நம்மிடம் இருப்பவை இந்த இரண்டுதான். ஒன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துடையது, மற்றது இந்த அருங்காட்சியகத்துடையது. இப்போதுதான் முதல்தடவையாக இரண்டும் ஒரே காட்சியில் சேர்ந்திருக்கின்றன.

முதல் குவில்ட்டில், வேதாகமக் கதையில் வரும் ஏதேன் தோட்டத்துப் பாம்புக்குக் கால் வைத்திருக்கிறார்! சாபம் விழுந்த பிறகுதானே அது ஊர்ந்தது, அதற்கு முன் கால் இருந்திருக்குமே என்று யோசித்திருப்பார் போல. அதே கட்டத்தில் யானை, ஒட்டகம், தீக்கோழி. யானையை எங்கே பார்த்தாரோ. கத்தரியால் வெட்டிய வெறும் நிழலுருதான், ஆனாலும் ஒவ்வொன்றும் நடக்கிறது.

இன்னொன்றில் 15 கட்டங்கள். நடுவில் விண்கற்கள் பொழிந்த இரவு, 1833 நவம்பர் 13. அவர் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பு நடந்தது. உலகம் முடிகிறதென்று சனங்கள் அலறியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். இன்றும் அதே தேதி என்று அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. கீழ் வரிசையில் ஒரு பன்றி. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிய, யாருக்கும் அடங்காத பன்றி. பெயர் பெட்ஸ். வேதாகமக் கதைகளுக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்.

14 நவம்பர், ஞாயிறு

தூக்கம் வரவில்லை. அந்த முதல் குவில்ட் விற்ற கதைதான் மனதில் ஓடுகிறது. 1886இல் ஜார்ஜியாவின் ஆதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் கொடுக்கவில்லை. சில வருடம் கழித்துக் கையில் காசில்லாத நேரத்தில் பவர்ஸே கொண்டுவந்தார். 10 டாலர் கேட்டார், கிடைத்தது 5. கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் கதை சொன்னார், ஸ்மித் எழுதி வைத்துக்கொண்டார். அப்புறமும் பவர்ஸ் சில தடவை அதைப் பார்க்க வந்து போயிருக்கிறார்.

விற்ற துணியைத் தேடி வந்து பார்க்கிறவளிடம் போய் இது கலையா, கைவினையா என்று யார் கேட்க முடியும்? அன்று பருத்திக் கண்காட்சியில் தொங்கியதும் இன்று பாஸ்டன் சுவரில் தொங்குவதும் ஒரே தையல்தான். அதில் ஒரு நூல்கூட மாறவில்லை. பார்க்கிறவர்கள்தான் 100 வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். ஸ்மித் மட்டும் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அவர் கண்டுபிடித்தும் விலை 5 டாலர்தான். அதை என்னால் மறக்க முடியவில்லை.

28 நவம்பர், ஞாயிறு

மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டாயிற்று. சந்தை மேசை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இது பேரன் எச்சில் வடித்து, புரண்டு தூங்கத்தான்.

பின்பக்கம் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக ஒரு வரி நூலில் எழுதிக்கொண்டு வருகிறேன். 'யானை: கொள்ளுப்பாட்டி சேலை, அவள் தீபாவளிக்குக் கட்டியது.' 'காகம்: சோறு வைத்தால் தினமும் வந்த நொண்டிக் காகம்.' ஆமையில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக் கிணற்றில் கிடந்த ஆமைக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். அண்ணனுக்கு ஞாபகம் இருக்கும். இங்கே இரவு பத்து, மதுரையில் விடிந்திருக்கும். கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.