முதல் அரை நொடி

"என்னம்மா, புதன்கிழமை விடிகாலையில கூப்பிட்டேனே, காதுல விழலையா?"

பெரியவர் ரேடியோவில் இப்படிக் கேட்டதும் எனக்குப் பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை இரவெல்லாம் என் ஸ்கேனர், அதாவது பல சேனல்களை மாறி மாறிக் கேட்கும் ரேடியோ, ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் வந்த குரல்களைக் கம்ப்யூட்டர் தானாகவே பதிவு செய்திருந்தது. மறுநாள் காலையில் ஒன்று விடாமல் கேட்டும் முடித்திருந்தேன். அவர் குரலும் அதில் இருந்தது. ஆனால் அவர் கூப்பிட்டது என்னைத்தான் என்பது அந்தப் பதிவில் இல்லை.

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம்கள் நாங்கள். எனக்குப் புள்ளியும் கோடுமான மோர்ஸ் சங்கேதம் சொல்லிக்கொடுத்தவர் அவர். தூக்கம் வராத இரவுகளில் நாலு மணிக்கே எழுந்து ரிசீவருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் யாராவது பதில் சொன்னால் அவருக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும். அப்படிப்பட்டவர் கூப்பிட்டு நான் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அந்தக் கோப்பைத் தேடி எடுத்துத் திரும்பவும் போட்டேன். "…லியட்" என்று தொடங்குகிறது. பிறகு அவருடைய அழைப்புக்குறி (ரேடியோவில் எங்கள் ஒவ்வொருவருக்கும் உள்ள அடையாளம்), பிறகு "காத்திருக்கிறேன்". ரேடியோவில் 'J' எழுத்தை ஜூலியட் என்போம், என் அழைப்புக்குறி அந்த ஜூலியட்டில்தான் முடியும். எங்கள் குழுவில் இன்னொருவருடையதும் அப்படித்தான் முடியும். அவரைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அடுத்த கோப்புக்குப் போயிருக்கிறேன்.

ஹாம் ரேடியோவில் யாரைக் கூப்பிடுகிறோமோ அவருடைய குறியை முதலில் சொல்வோம். நம்முடையது அதற்குப் பின்னால் வரும். விமானப் போக்குவரத்திலும் இதே கதைதான். தரையிலிருந்து போகும் ஒவ்வொரு அறிவுறுத்தலும் எந்த விமானத்துக்கோ அதன் குறியோடுதான் ஆரம்பிக்கும். ஆக, பேச்சின் தலைப்பகுதியில்தான் "யாருக்கு" என்பது இருக்கிறது. குரல் கேட்டதும் திறந்து, அடங்கியதும் மூடிக்கொள்ளும் பதிவு முறையை நாங்கள் 'வாக்ஸ்' என்போம். அந்த வாக்ஸ் கடித்து விழுங்குவதும் இந்தத் தலைப்பகுதியைத்தான். அன்றிலிருந்து அந்த முதல் அரை நொடிக்காக நான் செய்த வேலைகளை எழுதி வைக்கிறேன். இரவில் ஸ்கேனரை ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் என் அழைப்புக்குறியின் மற்ற எழுத்துகள் எங்கே போயின என்று பார்த்தேன். ஒரே இடத்தில் போகவில்லை. வழியில் மூன்று இடத்தில் போயிருக்கின்றன.

முதல் இடம் ஸ்கேனரே. என்னுடையதில் அப்போது 60 சேனல்கள் போட்டிருந்தேன். நொடிக்கு 20 சேனல் வேகத்தில் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 3 நொடி. போதாததற்கு ஒரு சேனலில் பேச்சு முடிந்த பிறகும், பதில் வரலாம் என்று 2 நொடி அங்கேயே நிற்கும்படி வைத்திருந்தேன். கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகத் தெரிகிறது: பெரியவர் பேச ஆரம்பித்த தருணத்தில் ஸ்கேனர் வேறொரு சேனலில் காத்து நின்றிருக்கிறது. இங்கே தொலைந்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கம்பிக்குள் வராத ஒலியை அது எங்கே போய்த் தேடும்?

இரண்டாவது, ரிசீவரின் காவல். சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் நிலையங்களில் பேச்சுக்கு அடியில் 67 ஹெர்ட்ஸிலிருந்து 254.1 ஹெர்ட்ஸ் வரைக்குள் ஒரு மெல்லிய தொனி ஓடும். இந்தத் தொனியை இனம்கண்ட பிறகே ஒலியைத் திறக்கும்படி ரிசீவரை வைக்கலாம், நானும் வைத்திருந்தேன். 67 ஹெர்ட்ஸில் ஓர் அலை முடியவே 15 மில்லிசெகண்ட் ஆகும். பல அலைகளை எண்ணினால்தான் அது நிச்சயத்துக்கு வரும். அதற்குள் ஓர் அசை போய்விடுகிறது.

மூன்றாவது நானே செய்த வேலை. மின்விசிறி சுவிட்ச் போட்டாலும் விளக்கு அணைத்தாலும் ஒரு 'டிக்' பதிவாகி ஒரு கோப்பு உருவாகிறதே என்று, 300 மில்லிசெகண்டாவது தொடர்ந்து ஒலி இருந்தால்தான் பதிவைத் தொடங்கு என்று மென்பொருளில் வைத்திருந்தேன். அந்த 300 மில்லிசெகண்டையும் கோப்பில் சேர்த்திருந்தால் தவறில்லை. அந்த மென்பொருள் சேர்க்கவில்லை.

மூன்றாவதைச் சரிசெய்வதுதான் சுலபம். வாக்ஸ் மென்பொருள் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது முன்பதிவு வசதி இருக்கிறதா என்பதைத்தான். அந்த வசதி உள்ள மென்பொருள் எப்போதும் கடைசி சில நொடி ஒலியை நினைவகத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். குரல் வந்து கதவு திறந்ததும் அந்தச் சில நொடிகளையும் கோப்பின் தலையில் ஒட்டிவிடும். ஒவ்வொரு கோப்பும் கொஞ்சம் மௌனத்தோடு தொடங்கினால் அது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒலி வந்தால் பதிவாகும் வசதி இருக்கிறது. நானும் அதில்தான் ஆரம்பித்தேன். ஆனால் மௌனத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே தடத்தில் அடுத்தடுத்து ஒட்டிவிடுகிறது. இரண்டு மணிக்கு ஒருவர் கேட்ட கேள்விக்கு நாலு மணிக்கு வேறொருவர் எதற்கோ சொன்ன "ஆமாம்" பதிலாகிவிடும். பேச்சுக்கு நடுவில் இருக்கும் மௌனத்துக்கும் ஒரு நீளம் உண்டு, அது தொலையக்கூடாது. அதனால் ஒவ்வொரு பேச்சும் தனிக் கோப்பாக வேண்டும், கோப்பின் பெயரிலேயே தேதியும் மணி நிமிட நொடியும் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அளவு ஒலிக்குக் கதவு திறக்க வேண்டும் என்பதில்தான் எனக்கு அதிக நாள் போனது. ஸ்கேனரில் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்து வைக்கும் அமைப்பு) மூடியிருக்கும்போது மீட்டர் என்ன காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். எனக்கு மைனஸ் 62 டெசிபெல் காட்டியது. பேச்சின் உச்சம் மைனஸ் 12. நடுவில் மைனஸ் 45 என்று வைத்தேன். அன்றிரவு நூற்றுக்கணக்கான கோப்புகள் பதிவாகின, எல்லாமே வெறும் உறுமல். காரணம் விண்டோஸில் மைக்குக்குத் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு போட்டிருந்தது. அது மௌனத்தை மௌனமாக விடாது. யாரும் பேசவில்லை என்றால் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும். கடைசியில் கம்பியில் இருக்கும் 50 ஹெர்ட்ஸ் உறுமலே பேச்சின் அளவுக்கு வந்துவிடும். ஒலி அமைப்பில் 'மேம்படுத்தல்' என்ற பெயரில் வருகிற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரைச்சல் நீக்கம்கூட வேண்டாம். அது ரேடியோக் குரலையே இரைச்சல் என்று நினைத்துத் தேய்த்துவிடுகிறது.

உறுமலுக்கு வேரில் செய்த வைத்தியம் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் தனித்தனி அடாப்டரில் ஓடும்போது இரண்டின் தரைக்கம்பியும் ஒலிக்கம்பி வழியாக ஒரு வளையமாகிவிடும். நடுவில் 600 ஓம், 1:1 ஒலி டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஒலி மட்டும் தாண்டும், உறுமல் நின்றுவிடும். என் மடிக்கணினியில் இருப்பது மைக் துளை மட்டுமே. இயர்ஃபோன் வெளியீடு அதற்கு மிக அதிகம். 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்களைப் பிரிப்பானாகப் போட்டு 20 டெசிபெல் குறைத்தேன். ஸ்கேனரில் தனி ரெக்கார்ட் வெளியீடு இருந்தால் அதையே எடுங்கள், வால்யூம் குமிழைத் திருப்பினாலும் அது மாறாது. என்னுடையதில் இல்லை. அதனால் குமிழில் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டு, வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

கதவைத் திறக்கும் அளவும் மூடும் அளவும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மைனஸ் 42-இல் திறந்து மைனஸ் 48-இல் மூடினால் மெல்லப் பேசுகிறவர்களை வாக்கியத்துக்கு நடுவில் வெட்டாது. குரல் நின்ற பிறகு 3 நொடி காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் முடித்து மற்றவர் பதில் சொல்வது அந்த இடைவெளிக்குள் வந்துவிடும், உரையாடல் ஒரே கோப்பில் முழுசாகக் கிடைக்கும்.

வாக்ஸ் தலைகீழாகிவிடும் ஓர் இடமும் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ரேடியோ 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். பள்ளிப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விண்வெளி வீரர்கள் சொல்லும் பதில்களை அதில் கேட்கலாம். நிலையம் தொடுவானில் எழும்போது சிக்னல் மிக மெலிது. நிலையம் வேகமாக நெருங்கி வருவதால் ஏற்படும் டாப்ளர் விளைவால் அலைவெண்ணும் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளி நிற்கும். ஸ்குவெல்ச்சை இறுக்கி வைத்தால் முதல் நிமிடம் போய்விடும். திறந்து வைத்தாலோ, எஃப்எம் ரிசீவரில் சிக்னல் இல்லாதபோது வரும் சீறல் பேச்சைவிட உரக்க இருக்கும். குரல் வந்தால்தான் ஒலி அடங்கும்! இந்த நிலையில் வாக்ஸால் பயனில்லை. தலைக்கு மேல் கடக்க ஏறத்தாழ 10 நிமிடம்தான் ஆகும் என்பதால், கடக்கும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு முழுவதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இதைச் செய்யும்போதுதான் இரவு முழுவதையும் இப்படியே பதிவு செய்தால் என்ன என்று தோன்றியது. ரேடியோப் பேச்சு 3 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். அதற்கு நொடிக்கு 8,000 மாதிரிகள், 16 பிட், ஒற்றைத் தடம் தாராளம். மணிக்கு 57.6 மெகாபைட், 8 மணி நேர இரவுக்கு 460 மெகாபைட். இதையே சிடி தரத்தில் இரட்டைத் தடமாகப் பதிந்தால், வேவ் கோப்பின் 4 ஜிகாபைட் எல்லையை 6 மணி 45 நிமிடத்தில் தொட்டு, விடிவதற்குள் நின்றுவிடும். குறைந்த தரத்தில் தயங்காமல் பதியுங்கள். காலையில் சாக்ஸ் என்ற இலவசக் கருவியின் உதவியோடு ஓர் ஸ்கிரிப்ட், பேச்சு உள்ள இடங்களுக்கு முன்னால் 2 நொடி விட்டு வெட்டிக் கொடுத்துவிடுகிறது. கதவின் அளவைத் தவறாக வைத்திருந்தாலும் கவலையில்லை. மூலம் இருக்கிறது, மாற்றி மறுபடி வெட்டலாம். இரண்டு நாள் கழித்து மூலத்தை அழித்துவிடுகிறேன்.

மிச்சமிருந்தது ஸ்கேனர் திருடிய அந்த முதல் பங்கு. அதற்காகக் கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்றைச் சேர்த்தேன். 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே நேரத்தில் பார்ப்பதால் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை மொத்தமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. சேனல் சேனலாகத் தாவ வேண்டியதில்லை; மென்பொருளே ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனிக் கதவு வைத்துக் காவல் காக்கும். தொனிக் காவலையும் எடுத்துவிட்டேன். பழைய ஸ்கேனரை இப்போது பெரியவரின் அலைவெண்ணில் மட்டும் நிறுத்தியிருக்கிறேன். அது எங்கும் நகராது.

ஒரு விஷயம். எந்த அலைவரிசையைக் கேட்கலாம், எதைப் பதியலாம், எதைப் பிறருக்குப் போட்டுக் காட்டலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். தெரிந்துகொண்டு செய்யுங்கள். நான் அமெச்சூர் அலைவரிசைகளோடு நின்றுகொள்கிறேன்.

போன வாரம் ஒரு காலை. கோப்பின் பெயரில் 04:52:17. திறந்தால் முதலில் 2 நொடி மௌனம். பிறகு மைக் பொத்தானை அழுத்தும் சின்ன 'டிக்'. அதன் பிறகு அவர் மூச்சை இழுப்பது கேட்டது. இத்தனை வருடப் பதிவுகளில் அதைக் கேட்டதே இல்லை. அடுத்து என் அழைப்புக்குறி, முதல் எழுத்திலிருந்து, நிதானமாக, முழுசாக. ஹெட்ஃபோனைக் கழற்றாமலே மைக்கை எடுத்தேன். மணி ஐந்தேகால்தான் ஆகியிருந்தது, அவர் இன்னும் உட்கார்ந்திருப்பார்.