திரும்பி வரத்தான் டிக்கெட்

செப்டம்பர் 22, 2024, ஞாயிறு

மால்டாவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. அக்டோபர் 24 காலை மியூனிக்கில் கிளம்பி 28 இரவு திரும்புகிறோம். ரத்து செய்தால் காசு வராத டிக்கெட்தான் இருப்பதிலேயே மலிவு. கடைசி பட்டனை அழுத்துமுன் இவர் முகத்தைப் பார்த்தேன். "போடேன், என்ன பார்க்கிற?" என்றார். போட்டுவிட்டேன். 16ஆம் தேதியைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

அக்கா ஃபோன். "இந்த நேரத்துல எதுக்குடி ஊர் சுத்தறது?" அப்புறம் குரலை இறக்கி, மால்டா எங்கே இருக்கிறது என்று கேட்டாள். சிசிலிக்குத் தெற்கே 90 சொச்சம் கிலோமீட்டர் என்றேன். சிசிலி எங்கே என்றாள். கும்பகோணத்துக்காரிக்கு மத்தியதரைக் கடலை ஃபோனில் விளக்குவதற்குள் குக்கர் நாலு விசில் விட்டுவிட்டது. மூன்று தீவும் சேர்த்தே 316 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சி 426. ஒரு நாடே அதற்குள் அடங்கிவிடும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எதுவும் எதற்கும் தூரமில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

மெல்லியஹாவில் நல்ல ஹோட்டல் ஒன்று கிடைத்தது. மணல் கடற்கரை, கடல் பார்த்த பால்கனி. அதை விட்டுவிட்டு ஸ்லீமாவில் தெருவைப் பார்த்த அறையைப் போட்டிருக்கிறேன். தலைநகர் வலெட்டாவுக்குப் படகு பக்கத்திலேயே இருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். பொய்யில்லை, படகு இருக்கிறது. மாட்டர் டெய் ஆஸ்பத்திரியும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான். அதை மட்டும் சொல்லவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஹைப்போஜியத்துக்கு, அந்தப் பழைய பாதாளக் கல்லறைக்கு, டிக்கெட் இல்லை. 25, 26, 27, 28 எல்லாம் சிவப்பு. ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பேர், ஒரு நாளைக்கு எண்பது பேர், அவ்வளவுதான் உள்ளே விடுவார்கள். ஆட்கள் விடும் மூச்சே அந்தப் பாறையைக் கெடுத்துவிடுமாம். 1902இல் தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டிய கொத்தனார்கள் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். கீழே மூன்று அடுக்கு, எல்லாம் பாறையில் குடைந்தது. ஏழாயிரம் பேரையாவது அங்கே புதைத்திருப்பார்கள் என்று கணக்கு.

அங்கே கிடைத்த ஒரு பொம்மைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சுட்ட களிமண், 12 சென்டிமீட்டர்தான் நீளம். பருத்த உடம்புக்காரி ஒருத்தி, கட்டிலில் ஒருக்களித்து, ஒரு கையைத் தலைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறாள். ஐயாயிரம் வருஷமாகப் புரண்டுகூடப் படுக்கவில்லை. செத்துப்போனவள் என்கிறார்கள் சிலர், கனவு காண்கிறாள் என்கிறார்கள் சிலர். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சும்மா தூங்குகிற மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

இவர் இரவு 1.20க்கும் 4 மணிக்கும் எழுந்தார்.

அக்டோபர் 1, செவ்வாய்

பயணக் காப்பீட்டுக்காரர்களோடு நாற்பது நிமிடம். "ஏற்கெனவே இருக்கும் உடல்நிலை" என்ற வார்த்தையை அந்தப் பெண் ஆறு முறை சொன்னாள், ஆறாவது முறையும் அதே இனிமையோடு. வேண்டாம் போ என்று வைத்துவிட்டேன். இங்கத்திய இன்ஷூரன்ஸ் அட்டையின் பின்பக்கம் ஐரோப்பா முழுக்கச் செல்லும், அரசு ஆஸ்பத்திரி என்றால் போதும். இவர் அட்டையை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். செல்லுபடிதான். மறுபடி பர்ஸில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

ஜெர்மனிக்கு லீவு, கடைகள் மூடல், நமக்கு கொலு ஆரம்பம். இந்த வருஷம் மூன்று படிதான். இவர் சோபாவில் சாய்ந்துகொண்டே "அந்த ரங்கநாதரை நடுவில வை" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஸ்ரீரங்கத்தில் வாங்கிக் கொடுத்த பொம்மை, ஆதிசேஷனின் ஒரு தலை உடைந்து ஃபெவிகாலில் நிற்கிறது. வைத்துவிட்டு எழுந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. இவரும் ஒரு கை தலைக்குக் கீழே. தூங்குகிறவர்களாகவே எனக்கு வாய்க்கிறது.

அக்டோபர் 5, சனி

பக்கத்துத் தீவு கோசோவுக்குப் படகில் போக டிக்கெட் கிடையாது. சிர்கெவ்வா துறையில் பேசாமல் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம், 25 நிமிடப் பயணம். திரும்பி வரும்போது, கோசோ பக்கத்தில்தான் காசு வாங்குவார்கள், போக வர இரண்டுக்கும் சேர்த்து. போனவன் எப்படியும் திரும்பித்தானே ஆகவேண்டும் என்ற கணக்கு. இவரிடம் சொன்னேன். "திரும்பி வரலைன்னா லாபம்" என்றார். நான் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். மிஷின் இருக்கிறது, கையால்தான் தேய்த்தேன்.

பின்னாலேயே வந்து நின்றார். "ஜோக்குடி."

அக்டோபர் 6, ஞாயிறு

கோசோவிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

இரவு 11.50க்குச் சும்மா திறந்தால் ஹைப்போஜியம், 25ஆம் தேதி, காலை 11 மணி: ஓர் இடம். ஒன்றே ஒன்று. கை நடுங்கிவிட்டது. இவரை எழுப்பினேன் (எழுப்பியிருக்கக் கூடாது). "எடு, நீ போயிட்டு வா, நான் வெளியில காப்பி குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றார். அதற்குள் அட்டை எண் கேட்டது, நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். நாலு நிமிடத்தில் அதுவும் சிவப்பு.

யாரோ ஒருத்தர் தனியாகப் போகப்போகிறார். நன்றாகப் பார்க்கட்டும்.

அக்டோபர் 10, வியாழன்

எதன் மேலும் மனசு ஒட்டவில்லை. மகள் கராவாஜ்ஜோ ஓவியத்தின் படத்தை அனுப்பியிருக்கிறாள், "மிஸ் பண்ணிடாதம்மா" என்று. வலெட்டாவில் புனித யோவான் இணைப் பேராலயத்தில் இருப்பது. யோவானின் தலையை வெட்டுகிற காட்சி, 1608. கழுத்திலிருந்து ஒழுகும் ரத்தத்திலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதானாம். அதே வருஷம் அந்தத் தீவிலேயே ஜெயிலுக்குப் போய், அங்கிருந்தும் தப்பி ஓடிவிட்டான். பெரிய ஓவியன்தான். இந்த மாசம் எனக்கு ரத்தம் பார்க்க வேண்டாம். போன வாரம் எத்தனை குப்பி எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

திட்டி எழுதி, அனுப்பாமல் அழித்தேன். "சரிம்மா" என்று மட்டும் அனுப்பினேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. ராத்திரி வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். ரங்கநாதர் ஏற்கெனவே படுத்திருப்பதால், எப்போதும் செட்டியாரைத்தான் படுக்க வைப்போம். இன்றைக்கு எதையும் படுக்க வைக்க மனசு வரவில்லை. எல்லாம் நின்றபடியே இருக்கட்டும். அக்காவிடம் சொன்னால் திட்டுவாள்.

அக்டோபர் 14, திங்கள்

மால்டீஸ் மொழி நாலு வார்த்தை. மெர்ஹபா, வருக. கிராட்ஸி, நன்றி. கடவுளுக்கு அல்லா, மொழியின் வேர் அரபி, பேசுகிறவர்கள் கத்தோலிக்கர்கள், சர்ச்சிலும் அதே அல்லாதான். வலிக்கு உஜீஹ். அங்கே எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், இந்த நாலாவது வார்த்தை எதற்கும் தேவைப்படாது. ஆனாலும் மனப்பாடமாகிவிட்டது.

அக்டோபர் 16, புதன்

ஃபோன் வரவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

நாமே கூப்பிட்டால், டாக்டர் இல்லை, நாளை கூப்பிடுவார் என்றார்கள். கூப்பிட்டால் நல்ல செய்தியா, வரச்சொன்னால் நல்ல செய்தியா? இணையத்தில் இதற்கும் இரண்டு கட்சி இருக்கிறது. மதியம் ரசம் வைத்துவிட்டு உப்புப் போட்டேனா என்று மறந்து மறுபடியும் போட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

2.40க்கு வந்தது. இவர்தான் எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு யா, யா, யா என்று பதினொரு தடவை.

அக்டோபர் 20, ஞாயிறு

டாக்டரை 30ஆம் தேதி பார்க்க வேண்டும். நாம் 28ஆம் தேதியே வந்துவிடுவோம். நடுவில் ஒரு நாள் முழுசாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை 27 அன்று மார்சஷ்லொக் மீன் சந்தை. மீன் சாப்பிடாதவளுக்குச் சந்தை எதற்கு என்று கேட்கிறார். படகுக்காக. லுட்ஸு என்று பெயர். மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் அடித்து, முன்மூக்கில் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு ஜோடிக் கண் வைத்திருப்பார்கள். கடலில் கேடு அண்டாமல் இருக்க. நம் ஊரில் புது வீட்டுக்குப் பூசணிக்காய் கட்டுகிற சங்கதிதான். அந்தக் கண் வைத்த சின்னப் படகு ஒன்று கொலுவுக்கு வாங்கி வர வேண்டும். அடுத்த வருஷம் ஐந்து படி.

அன்றைக்கு அதிகாலை மணி மூன்று இரண்டாகிவிடும், குளிர்காலக் கணக்கு. லீவில் ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கிறது. காலை ஏழு மணி மாத்திரையைப் பழைய ஏழுக்குக் கொடுப்பதா, புது ஏழுக்கா?

அக்டோபர் 22, செவ்வாய்

இவருக்குத் தொப்பி வாங்கினோம், வெள்ளைத் துணி, அகலமான விளிம்பு. தலை சிறுத்த மாதிரி இருந்தது, காதில் வந்து உட்கார்ந்தது. கடைக்காரர் பின்னால் நாடாவை இழுத்துச் சரிசெய்தார். இவர் கண்ணாடியில் பார்த்து "எம்.ஜி.ஆர்." என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு இவர் சத்தமாகச் சிரித்து இன்றைக்குத்தான் கேட்டேன்.

முந்தின நாளே செயின்ட் எல்மோ கோட்டைக்குப் போய் வரிசையில் நின்றால் ஹைப்போஜியத்துக்குக் கொஞ்சம் கடைசி நேர டிக்கெட் தருவார்களாம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் படகில் நான் போய் நிற்கப்போகிறேன். இரண்டு கேட்பேன். கிடைக்காவிட்டால் தூங்குகிறவளையாவது பார்த்துவிடலாம், அவள் வலெட்டா மியூசியத்தில்தான் இருக்கிறாள்.

அக்டோபர் 23, புதன்

மாத்திரை டப்பா கைப்பையில். அட்டை இருக்கிறது. லண்டன் போனபோது வாங்கிய சதுர முள் அடாப்டர் அங்கேயும் செல்லும், தேடி எடுத்துவிட்டேன். தயிரைத் திரவம் என்று பிடுங்கிவிடுவார்கள் என்கிறாள் மகள், அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அரிசியும் சின்னக் குக்கரும் பெட்டியில். மாவடு பாட்டில் 150 மில்லி, கைப்பையில் விடமாட்டார்கள், வேறு சின்னதாக ஏதாவது பார்க்க வேண்டும். ஜாம் பாட்டில் ஒன்று இருந்ததே