தார்சாவில் ஓடிய வண்டி

அக்கா மகள் வீட்டு முன்பக்கத் தார்சாவில் வெள்ளைத் தாளை விரித்து, கறுப்பு டேப்பை வளைத்து வளைத்து ஒட்டினாள். கையடக்க ரோபோ வண்டி ஒன்றை அதன்மேல் விட்டாள். கோட்டைப் பிடித்துக்கொண்டே போயிற்று.

“ஏட்டி, இதற்குக் கண் எங்கே?” என்றாள் ஆச்சி.

கவிழ்த்துக் காட்டினாள். அடியில் இரண்டு பக்கமும் மிளகளவில் இரண்டிரண்டு குமிழ்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விடும், மற்றது திரும்பி வருவதை வாங்கும். வெள்ளை திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். இடது கண்ணில் கறுப்பு பட்டால் இடது சக்கரம் நிற்கும், வலது ஓடும், வண்டி கோட்டுக்குத் திரும்பிவிடும்.

உணர்வது, முடிவெடுப்பது, அசைவது. செவ்வாயில் ஊர்கிற ரோவருக்கும் அடிப்படை இதுதான்.

முற்றத்துக்குக் கொண்டுபோனால் நேரே துளசி மாடத்தில் முட்டிக்கொண்டது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டே! கறுப்பும் அதற்கு வெள்ளையாகிவிட்டது. பாளையங்கோட்டை வெயிலில் நமக்கே கண் இருட்டும், பாவம் அது என்ன செய்யும்.

ரோபோ என்ற சொல் 1920-இல் எழுதப்பட்ட செக் மொழி நாடகம் ஒன்றில் பிறந்தது, ‘ரொபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு என்று ஆச்சியிடம் சொன்னேன்.

“செக்கு மாடு என்று சொல்லேன். அதற்குக் கண்ணைக் கட்டினோம், இவள் இதற்குக் கண் வைத்திருக்கிறாள்.”